போகிறவர் சொல்லும் ஆள்



கறம்பக்குடி பேருந்து நிலையப் பக்கம் சாயங்கால வேளையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் இந்தப் பேச்சு காதில் விழும். "எங்க கம்பெனியில ஒரு ஆளு கேக்குறாங்கப்பா. பாஸ்போர்ட் கையில இருக்கிற பய எவனாச்சும் இருந்தா சொல்லு." மழையூர், ரெகுநாதபுரம், வெட்டன்விடுதி, அந்தப் பக்கம் திருவோணம், ஒரத்தநாடு வரைக்கும், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ ஒருவராவது இல்லாத தெரு அபூர்வம். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே ராத்திரியில் தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டுப் போன பிறகு, வெளிநாட்டுப் பேச்சு இன்னும் கூடிப்போனது. அங்கே வேலை பார்த்தவர் ஊருக்கு ஒரேயடியாகத் திரும்பும்போது முதலாளி கேட்பார், இவர் மச்சானையோ பங்காளி மகனையோ சொல்லுவார். வெல்டர் போன இடத்துக்கு வெல்டர், டிரைவர் போன இடத்துக்கு டிரைவர். இது நம் பக்கத்தில் இரண்டு மூன்று தலைமுறையாக நடக்கிற வழக்கம்.

இப்போது இதே கேள்வி ஆசிரியர்களிடமும் வருகிறது. பி.எட். முடித்து, டெட் தேர்விலும் தேறி, அரசு வேலைக்குக் காத்திருந்து காத்திருந்து, தனியார் பள்ளியில் பத்தாயிரத்துக்கும் பன்னிரண்டாயிரத்துக்கும் பாடம் எடுத்துச் சலித்த பிள்ளைகள் மாலத்தீவுக்கும் ஓமனுக்கும் அமீரகத்துக்கும் தாய்லாந்துக்கும் போகிறார்கள். அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு நாள் திரும்ப வேண்டி வருகிறது. கல்யாணம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, டி.ஆர்.பி. மூலம் அரசு வேலை கிடைத்துவிட்டது, அல்லது அந்த இடமே பிடிக்கவில்லை. பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னால் அவர் சொல்வார்: "போறதுன்னா போங்க மிஸ். உங்க இடத்துக்கு ஒரு ஆளைச் சொல்லிட்டுப் போங்க."

சொல்லலாமா, வேண்டாமா? சொன்னால் எப்படிச் சொல்வது? நானும் மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்திவிட்டு வந்தவள். இன்றைக்கும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் போன் போட்டுக் கேட்பதால் இதைப் பேசுகிறேன்.

நம் நாட்டு ஆசிரியர்கள் வெளிநாட்டுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போவது புதிதில்லை. 1941-இல் இத்தாலிக்காரர்கள் வெளியேறிய பிறகு, எத்தியோப்பியாவில் பேரரசர் ஹைலி செலாசி பள்ளிகளைத் திரும்பக் கட்டி எழுப்பியபோது அவர் ஆள் எடுத்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அங்கே ஒரு தலைமுறையே இந்திய வாத்தியார்களிடம் படித்தது. 1970-களில் நைஜீரியாவில் எண்ணெய்ப் பணம் புழங்கியபோது அங்கே போனார்கள். 1986-இல் அந்த நாட்டு நாணயமான நைராவின் மதிப்பு சரிந்ததும் பெட்டியைக் கட்டினார்கள். மாலத்தீவுப் பள்ளிகளில் 1960-களில் ஆங்கில வழிப் பாடம் வந்தபோது முதலில் இலங்கையிலிருந்து போனார்கள், பிறகு கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும். அரசுக் குழு வந்து நேர்காணல் வைத்து எடுத்ததும் உண்டு. முன்னால் போனவர் எழுதிய கடிதத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனதும் உண்டு. கடிதம் இருந்த இடத்தில் இன்று வாட்ஸ்அப் இருக்கிறது.

கொஞ்சம் சட்டத்தையும் பார்த்துவிடலாம். வேலையை விடுகிறவர் மாற்று ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியே தீர வேண்டும் என்று நானறிந்த எந்த நாட்டுத் தொழிலாளர் சட்டத்திலும் கிடையாது. நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, நோட்டீஸ் 30 நாளிலிருந்து 90 நாளுக்குள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். சோதனைக் காலத்திலேயே வேலையை விட்டு நாட்டைவிட்டுக் கிளம்புவதாக இருந்தால் 14 நாள் போதும். "ஆள் கொடுத்தாத்தான் ரிலீஸ்", "ஆள் வந்தாத்தான் பாஸ்போர்ட்" என்றெல்லாம் சொல்கிறவர்கள் வாயால்தான் சொல்வார்கள், எழுதித் தரச் சொல்லுங்கள், தர மாட்டார்கள். அமீரகம், கத்தார், சவூதி எங்கேயும் தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்துவைப்பது சட்டத்துக்கு விரோதம். அப்படி நடந்தால் இந்தியத் தூதரகத்துக்கு எழுதலாம், மத்திய வெளியுறவுத் துறையின் 'மதத்' என்கிற இணையதளத்தில் புகார் பதியலாம், இங்கே சென்னையில் அயலகத் தமிழர் நலத் துறையிடமும் சொல்லலாம்.

கடமை இல்லை என்பதால் உதவவே கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன். காரணம் பிரின்சிபால் இல்லை, பிள்ளைகள். வளைகுடாவில் இருக்கிற சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு ஏப்ரலில் வருடம் தொடங்குகிறது, பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பிப்ரவரியில் பொதுத்தேர்வு. நவம்பரில் ஆங்கில டீச்சர் கிளம்பினால் அந்த வகுப்புக்கு யார் வருவார்கள்? விளையாட்டு வாத்தியார் வந்து உட்கார்ந்து, "சத்தம் போடாம படிங்க" என்பார். தாய்லாந்தில் மே மாதம் நடுவில் பள்ளி திறந்து மார்ச்சில் முடியும். வருட முடிவில் விலகினால் பள்ளிக்கும் தலைவலி இல்லை, நமக்கும் கெட்ட பெயர் இல்லை. நடுவில் கிளம்பத்தான் வேண்டும் என்றால், எவ்வளவு முன்னால் சொல்ல முடியுமோ அவ்வளவு முன்னால் சொல்வதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. ஆள் தேடித் தருவதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் அவ்வளவு முன்னால் என்று கேட்கலாம். இங்கிருந்து ஒருவர் கிளம்புவதற்குள் எத்தனை வாசல் ஏற வேண்டும் பாருங்கள். பாரதிதாசன் பல்கலைக்கழகத்துப் பட்டம் என்றால், அது உண்மையானதுதான் என்று பல்கலைக்கழகத்திடமே ஒரு சான்று கேட்கிற நாடுகள் உண்டு. அதற்கு விண்ணப்பம், பணம், காத்திருப்பு. பிறகு சர்டிபிகேட்டுக்கு மாநில அரசின் முத்திரை, வெளியுறவுத் துறையின் முத்திரை. ஓமன் மாதிரி நாடு என்றால் அப்போஸ்டில் என்கிற அந்த முத்திரையோடு முடிந்தது. அமீரகம் என்றால் அதற்கு மேல் அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். போலீஸ் கிளியரன்ஸுக்குப் பாஸ்போர்ட் சேவை மூலம் விண்ணப்பித்து, ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வந்து, திருச்சி பாஸ்போர்ட் அலுவலகம் கொடுக்க வேண்டும். மெடிக்கல் தனி. தொலைநிலைக் கல்வியில் வாங்கிய பட்டமாக இருந்தால் சில நாடுகள் ஏற்காது, அது எல்லாச் செலவும் பண்ணி முடித்த பிறகுதான் தெரியவரும். அதனால் யாரையாவது சொல்வதற்கு முன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி, "இங்கிலீஷ் எப்படிப் பேசுவே?" இல்லை. "பட்டம் ரெகுலரா, கரெஸ்பாண்டன்ஸா?" என்பதுதான்.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பக்கத்துப் பாட்டன்கள் மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போன கதை. தோட்டத்தில் வேலை பார்த்து, துரையின் நம்பிக்கையைப் பெற்ற ஓர் ஆளுக்கு லைசென்ஸ் கொடுத்து, அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பிவைப்பார்கள். அவர்தான் கங்காணி. திருச்சி, தஞ்சாவூர், சேலம் ஜில்லாக்களிலிருந்து உற்றார் உறவினரைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றுவார். கூட்டிவந்த தலைக்கு இவ்வளவு என்று அவருக்குப் பணம். வந்தவர்கள் வேலைக்கு இறங்குகிற ஒவ்வொரு நாளுக்கும் கமிஷன் வேறு. 1938-இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தும் வரைக்கும் இது நடந்தது. வந்தவர் ஏன் எதிர்த்துப் பேசவில்லை? கூட்டிவந்தவர் மாமன். வழிச்செலவுக்குக் கொடுத்தவரும் அவர். ஊரில் இருக்கிற அம்மாவுக்குச் செய்தி சொல்ல வேண்டியவரும் அவர்தான். துரையை எதிர்க்கலாம், மாமனை எப்படி எதிர்ப்பது?

இன்றைக்குப் பள்ளி நிர்வாகம் வெளியில் விளம்பரம் கொடுக்காமல் நம்மிடம் ஆள் கேட்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கு கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. விளம்பரச் செலவு மிச்சம், ஏஜென்ட் கமிஷன் மிச்சம் என்பது வெளியே தெரிகிற காரணம். நாம் சொல்லி வருகிற பெண் நம் முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவாள் என்பது வெளியே தெரியாத காரணம். அதனால்தான் சொந்தத் தங்கையையோ நாத்தனார் மகளையோ நம் நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வேன். அவளுக்கு அங்கே ஒரு சங்கடம் என்றால் நம்மிடம்கூடச் சொல்ல மாட்டாள். கூடப் படித்தவர், கூட வேலை பார்த்தவர், ஒரு பிரச்சினை என்றால் நம்மைத் திட்டக்கூடிய உரிமை உள்ளவர், அப்படிப்பட்டவர்தான் தோது.

காசு விஷயத்தில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. "அக்கா, உங்களுக்கு ஏதாவது பண்ணணும்ல" என்று கேட்கிற பிள்ளையிடம் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. அங்கே பள்ளி "ரெஃபரல்" என்று சொல்லிக் கொடுத்தால், அதை வருகிற பெண்ணிடம் மறைக்கக் கூடாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்து அனுப்புவதற்கு 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். பதிவுள்ள ஏஜென்ட்கூட 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். லட்சக் கணக்கில் கேட்கிறவர் யாராக இருந்தாலும் அவர் பெயர் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் தமிழக அரசே 1978-இலிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது, அங்கேயும் விசாரிக்கலாம்.

2022-இல் என்ன நடந்தது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்துவைத்து இணைய மோசடி செய்யச் சொன்னார்கள். அந்த அக்டோபரில் 13 தமிழ் இளைஞர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு தாய்லாந்து என்றாலே நம் ஊர்த் தாய்மார்களுக்கு வயிற்றில் புளி கரைகிறது. நிஜமான தாய்லாந்துப் பள்ளி வேலையும் இருக்கிறது, நம் ஆட்கள் பார்க்கிறார்கள். அங்கே வேலை செய்வதற்கான விசா தனி வகை, அதோடு வொர்க் பர்மிட் வேண்டும், வேலை முடிந்த அன்றைக்கே அந்த வேலையை நம்பித் தங்கியிருக்கும் அனுமதியும் முடிந்துபோகும். "டூரிஸ்ட் விசாவுல வந்துடச் சொல்லுங்க, வந்ததும் மாத்திக்கலாம்" என்று பள்ளி சொன்னால், நீங்கள் யார் பெயரையும் சொல்லாதீர்கள்.

இனி அடிக்கடி சறுக்குகிற இடத்துக்கு வருகிறேன். வருகிறவரிடம் என்ன சொல்வது?

நான் கிளம்பும் சமயத்தில் எங்கள் பிரின்சிபால் ஆள் கேட்டார். மழையூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி விவரம் கேட்டிருந்தாள், கெட்டிக்காரி. பேசப்போகிறேன் என்று சொன்னதும் பிரின்சிபால் மெதுவாக, "சம்பளம் லேட்டாகிற விஷயமெல்லாம் இப்ப வேண்டாம் மிஸ். வந்தப்புறம் அவங்களே புரிஞ்சுக்குவாங்க" என்றார். நல்ல மனுஷன்தான், அவருக்கு மேலே ஒரு நிர்வாகம். அன்று ராத்திரி அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, சம்பளம் மாசா மாசம் வந்துடுமா?"

"வரும். ஆனா சில மாசம் இருபதாம் தேதிகூட ஆகும்."

"ரூம்ல தனியா இருக்கலாமா?"

"இன்னொரு டீச்சரோட. மழை பெய்ஞ்சா ஒரு மூலையில ஒழுகும்."

இப்படி ஒரு மணி நேரம் போனது. சம்பளம் மாலத்தீவு நாணயமான ரூஃபியாவில் வருவதையும், அதை டாலராக்கி ஊருக்கு அனுப்ப வங்கி வைக்கிற உச்சவரம்பையும் சொன்னேன். கைக்கு வருகிறதில் எவ்வளவு வீட்டுக்குப் போகும் என்பதுதான் இங்கே கடன் வாங்கி விமானம் ஏறுகிறவருக்கு முக்கியம். வெள்ளி, சனிதான் விடுமுறை, காற்று பலமாக அடிக்கிற பருவத்தில் படகு வராது, காய்கறி வராது, தீவைச் சுற்றி நடந்தால் சீக்கிரமே புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடுவோம், அந்தத் தனிமை இரண்டாவது மாதத்தில்தான் உறைக்கும் என்றெல்லாம் சொன்னேன். பிள்ளைகள் எவ்வளவு பாசமானவை, பெற்றோர் டீச்சருக்குக் கொடுக்கிற மரியாதை என்ன என்பதையும் மறைக்கவில்லை, அதுவும் உண்மைதானே. அப்பாவிடம் கேட்டுவிட்டு அவள் வரவில்லை என்று சொன்னாள். பிரின்சிபால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். இன்னொருவரிடம் இதையெல்லாம் அப்படியே சொன்னேன். அவர் வந்தார். ஒப்பந்தக் காலம் முழுக்க இருந்தார். ஒழுகுகிற மூலைக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கையோடு வாங்கிக்கொண்டு போனதாகச் சொன்னார்.

சம்பளத்தைப் பற்றி இன்னொன்று. நம் ஆசிரியர்களுக்கு என்ன வெட்கமோ, தன் சம்பளத்தைப் பக்கத்து டீச்சரிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். உங்கள் இடத்துக்கு வருகிறவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, டிக்கெட் யார் செலவு, லீவுச் சம்பளம் உண்டா, எல்லாம். நீங்கள் சொல்லாவிட்டால் அதே நாற்காலிக்குப் பாதிச் சம்பளத்தில் ஆள் வருவார். அப்படி வந்தால், உங்களை வைத்தே நிர்வாகம் அந்த வேலையின் விலையைக் குறைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

அந்த இடமே சரியில்லாததால்தான் நீங்கள் கிளம்புகிறீர்கள் என்றால்? கை வைக்கிற நிர்வாகி, பாஸ்போர்ட்டைப் பூட்டிவைக்கிற அலுவலகம், மாதக்கணக்கில் பாக்கி? அங்கே உதவி என்ற பேச்சே கிடையாது. "எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை சார்" என்று சொல்லிவிட்டு, சேர வேண்டிய பாக்கியை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். நாம் தப்பித்து வெளியே வருவதற்காக இன்னொரு வீட்டுப் பெண்ணை உள்ளே அனுப்புவது என்னைப் பொறுத்தவரை பச்சைத் துரோகம். அவ்வளவு பெரிய வார்த்தை எதற்கு என்று ஒரு தோழி கேட்டாள். எனக்கு வேறு சின்ன வார்த்தை தெரியவில்லை.

நல்ல இடமாக இருந்து, ஆளும் அமைந்துவிட்டால், அவருக்காக ஒரு நோட்டு எழுதி வையுங்கள். ஜப்பானில் 1987-இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் வெளிநாட்டு இளைஞர்கள் அரசுப் பள்ளிகளுக்கு ஆங்கில உதவி ஆசிரியர்களாகப் போகிறார்கள். போகிறவர் வருகிறவருக்குக் கடிதம் எழுதி, பாடக் குறிப்புகளையும் வீட்டுச் சாமான்களையும் ஒப்படைத்துவிட்டுப் போவது அவர்களிடையே ஊறிப்போன வழக்கம். நமக்கு அது வரவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போனது ஒரு பாதித் தாள், அதில் வைஃபை பாஸ்வேர்டு மட்டும் இருந்தது. அதுவும் மாறிப்போயிருந்தது.

நோட்டில் என்ன எழுதுவது? பாடப் புத்தகத்தில் எத்தனாவது பக்கம் வரை முடிந்தது என்பதை யாரும் சொல்வார்கள். அதற்கு அடுத்தது முக்கியம். ஆறாம் வகுப்பில் இரண்டாவது வரிசை ஜன்னலோரப் பையனுக்கு இடது காது மந்தம், வலது பக்கம் நின்று பேசுங்கள். இந்தப் பெண் வாய் திறக்க மாட்டாள், ஆனால் எழுதச் சொன்னால் ஒரு பக்கம் எழுதுவாள். எட்டாம் வகுப்பில் கேள்வி கேட்டால் எல்லோரும் சேர்ந்தே பதில் சொல்வார்கள், தனித்தனியாகப் பேசவைக்க ஒரு மாதம் ஆகும். காப்பி எடுக்கிற மெஷின் வியாழக்கிழமை மத்தியானம் சும்மா இருக்கும். அலுவலகத்தில் எந்தக் காகிதமும் கிளார்க்கிடம் கொடுத்தால்தான் நகரும். கடைசி வாரத்தில் முடிந்தால் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் நில்லுங்கள். அவர் இன்னும் ஊரிலேயே இருந்தால் வீடியோவிலாவது பிள்ளைகளுக்கு முகத்தைக் காட்டுங்கள். டெமோ கிளாஸ் வைக்கும்போது நேரத்தையும் பாருங்கள்: மாலத்தீவு நேரம் நமக்கு அரை மணி பிந்தி, அமீரகமும் ஓமனும் ஒன்றரை மணி பிந்தி, தாய்லாந்து ஒன்றரை மணி முந்தி. இதைக் குழப்பிக்கொண்டு நேர்காணலைக் கோட்டைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

தேர்வு செய்கிற வேலையைப் பள்ளியே செய்யட்டும். "இவரைத் தெரியும், இந்தப் பள்ளியில் இத்தனை வருஷம் எட்டாம் வகுப்புக்கு எடுத்தார், நேரில் பார்த்திருக்கிறேன்" என்று தெரிந்ததை மட்டும் எழுதிக் கொடுங்கள். "கேரண்டி" என்ற சொல் கடிதத்தில் வரவே கூடாது. கடிதத்தில் தேதியும் கையெழுத்தும் போட்டு ஒரு பிரதி நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்து சேர்ந்த பிறகும் போன் வரும். "நீங்க அனுப்புன டீச்சர் எக்ஸ்ட்ரா கிளாஸ் எடுக்க மாட்டேங்குறாங்க, நீங்க கொஞ்சம் சொல்லுங்க மிஸ்" என்று. இன்னொரு பக்கம் அந்த டீச்சரும் கூப்பிடுவார், "அக்கா, நீங்க எக்ஸ்ட்ரா கிளாஸுக்குக் காசு வாங்கினீங்களா?" என்று. முதல் போனுக்கு நான் சொல்கிற பதில்: "அதை அவங்ககிட்டயே கேளுங்க சார், கான்ட்ராக்ட்ல என்ன இருக்கோ அதுதான்." இரண்டாவது போனுக்கு உட்கார்ந்து நிதானமாகப் பதில் சொல்வேன். வாங்கினேன், மணிக்கு இவ்வளவு, இன்ன மாதத்திலிருந்து, பில் இன்ன இடத்தில் இருக்கிறது, போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்று.